ஜியாக்ரஃபி எடுக்கலாமா? பிராக்டிகல் ரெக்கார்டைத் திறந்து பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் ஜியாக்ரஃபியில் தொண்ணூற்றைந்து வாங்கிய எல்லோரும் அதைக் கல்லூரியில் படிக்கத் தோதானவர்கள் என்று நான் நினைப்பதில்லை. டெல்லியில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவள்தான் இப்படிச் சொல்கிறேன். எண்பது வாங்கியவர்கள் சிலர் கல்லூரியில் பிரமாதமாகப் படித்ததையும், தொண்ணூற்றெட்டு வாங்கியவர்கள் இரண்டாம் செமஸ்டரிலேயே "மேம், வேற ஏதாவது எடுத்திருக்கலாம்" என்று போன் செய்ததையும் பார்த்திருக்கிறேன்.

காரணம் சுலபம். சிபிஎஸ்இ-யில் எழுத்துத் தேர்வுக்கு 70, பிராக்டிகலுக்கு 30. அந்த எழுபதை மனப்பாடத்திலேயே வாங்கிவிட முடியும். முப்பதைப் பள்ளிகள் தாராளமாகவே கொடுக்கும். ஆனால் கல்லூரியில் உங்களுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் அந்த முப்பது மதிப்பெண் சமாச்சாரம்தான்: வரைபடம் வரைவது, புள்ளிவிவரத்தைக் குடைவது, வெயிலில் போய் நாலு பேரிடம் கேள்வி கேட்டு வருவது, அதை அறிக்கையாக எழுதுவது.

அதனால் முதலில் பரணிலிருந்தோ பழைய பேப்பர் கட்டிலிருந்தோ உங்கள் பிராக்டிகல் ரெக்கார்டை எடுங்கள். புரொஜெக்‌ஷன் வரைந்த பக்கத்தைப் பாருங்கள், உருண்டையான உலகத்தைத் தட்டைத் தாளில் கொண்டுவரும் அந்த வரைபடம். அதை நீங்களே வரைந்தீர்களா, தோழியின் ரெக்கார்டைக் கண்ணாடியில் வைத்து டிரேஸ் எடுத்தீர்களா? டிரேஸ் எடுத்ததில் குற்றம் ஒன்றும் இல்லை, வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே உலகம் ஒரு புரொஜெக்‌ஷனில் கிரீன்லாந்தை ஊதிப் பெரிதாக்கியும் இன்னொன்றில் அடக்கமாகவும் காட்டுவது ஏன் என்று உங்களுக்கு ஒரு நிமிஷமாவது உறுத்தியதா? உறுத்தியிருந்தால் நல்ல அறிகுறி. "எப்படியோ சைன் வாங்கியாச்சு" என்ற நினைப்பு மட்டும்தான் மிஞ்சியது என்றால், கொஞ்சம் நிதானியுங்கள்.

பன்னிரண்டில் இந்தப் பாடத்தையே எடுக்காதவர்களுக்கும் இதே வழிதான். என்சிஇஆர்டி இணையதளத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கும். தியரிப் புத்தகங்களை விட்டுவிட்டு முதலில் அவற்றைப் புரட்டுங்கள். ஒல்லியான புத்தகங்கள், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

அடுத்தது ஒரு சோதனை. காசு செலவில்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவு டோப்போஷீட்டுகளை, அதாவது மேடு பள்ளம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் விரிவான வரைபடங்களை, பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். டெல்லியின் நடுப்பகுதி இருக்கும் ஷீட்டின் பழைய எண் 53எச்/2. அதோடு 58ஏ/11 ஷீட்டையும் எடுங்கள். அது ஊட்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர். ஊட்டி ஷீட்டில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) கட்டைவிரல் ரேகை மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். டெல்லி ஷீட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கொஞ்சக் கோடுகளும் எங்கே கூடுகின்றன என்று விரலால் தொடர்ந்து போங்கள். தெற்கிலிருந்து வசந்த் விஹார், கரோல் பாக் ஓரமாக வடக்கே பல்கலைக்கழகம் வரை ஒரு மேடு போகும். அதுதான் ரிட்ஜ், ஆரவல்லித் தொடரின் வடக்குக் கோடி. ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் ஏன் அந்த இடத்தில் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போது தானாகப் புரியும். சின்ன வயதிலிருந்து அந்தப் படிகளில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்குக்கூட, அது ஆரவல்லிப் பாறை என்று சொன்னால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சோதனையில் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை என்றால் உங்களுக்கு இந்தப் பாடம் ஒத்துவரும். பத்து நிமிஷத்தில் கை போனைத் தேடுகிறது என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. இந்த டோப்போஷீட்டுகளுக்கெல்லாம் அடிப்படையான மாபெரும் முக்கோண அளவை நம்ம ஊரில்தான் ஆரம்பித்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் முதல் அடிக்கோட்டை, அதாவது முக்கோணங்களுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோட்டை, அளக்கத் தொடங்கியது சென்னையில், பரங்கிமலைப் பக்கம். டெல்லி எல்லாம் அப்புறம். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சின்ன அல்ப சந்தோஷம் வரும், மறைப்பதில்லை.

எந்தப் பக்கம் உங்களை இழுக்கிறது?

ஜியாக்ரஃபி என்று ஒரே பெயரில் மூன்று விதமான வேலைகள் இருக்கின்றன. மூன்றையும் எல்லோரும் படித்தாக வேண்டும், ஆனால் மனசு ஒன்றில்தான் ஒட்டும். எதில் என்று தெரிந்துகொள்ள என் மாணவர்களிடம் நான் கேட்பது 2023 ஜூலை வெள்ளத்தைப் பற்றி.

அப்போது பழைய ரயில் பாலத்தில் யமுனையின் மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. அபாய அளவு 205.33. அதற்கு முந்தைய உச்சம் 1978-இல் 207.49. எங்கள் மயூர் விஹார் பக்கம் ஆற்றங்கரை மக்கள் சாலையோரக் கூடாரங்களுக்கு வந்துவிட்டார்கள். ஐடிஓ சந்திப்பில் தண்ணீர், செங்கோட்டை மதிலடியில் தண்ணீர்.

இதைப் பற்றி உங்களுக்கு முதலில் என்ன கேட்கத் தோன்றுகிறது? ஹிமாச்சலில் அந்த வாரம் ஏன் அவ்வளவு மழை, ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறந்த தண்ணீர் டெல்லிக்கு வந்து சேர வழக்கமாக எத்தனை நாள், இந்த முறை ஏன் சீக்கிரம் வந்தது என்று தோன்றினால் உங்களுக்கு இயற்கைப் புவியியல்: காலநிலை, நிலவடிவம், ஆறு. காதரில், அதாவது ஆற்றின் வெள்ளச் சமவெளியில், காய்கறி போட்டுக்கொண்டிருந்தவர்கள் யார், அவர்களுக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை, கூடாரத்திலிருந்து எங்கே போனார்கள் என்று தோன்றினால் மானுடப் புவியியல். தண்ணீர் போன இடத்தை செயற்கைக்கோள் படத்தில் எப்படிப் பிரித்தெடுப்பது, அதன் மேல் வீடுகளின் கணக்கை எப்படிப் பொருத்துவது என்று தோன்றினால் தொலையுணர்வு, ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவலைக் கணினியில் வரைபடமாக்கி ஆராய்வது).

ஒன்றுமே தோன்றவில்லை, "பரீட்சைக்கு இது வருமா?" என்று மட்டும் தோன்றியது என்றால் பரவாயில்லை, ஆனால் வேறு பாடமும் பாருங்கள். பாறை, கனிமம் என்றால்தான் கண் விரிகிறது என்பவர்களுக்கு ஜியாலஜி இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஹன்ஸ்ராஜ், ராம்லால் ஆனந்த் கல்லூரிகளில் அது பிஎஸ்சி ஆனர்ஸ். அதற்கு சயன்ஸ் குரூப் வேண்டும்.

கணக்குக்குப் பயந்து இங்கே ஓடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளியியல் தாள் உண்டு. திட்ட விலக்கம், ஒட்டுறவு, மாதிரி எடுத்தல், தொடர்புப் போக்கு எல்லாம் வரும். கால்குலஸ் அளவுக்குப் போகாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறாமல் இருந்தவர்களுக்கு இது போதும். எண்களைக் கண்டாலே ஒவ்வாமை என்றால் மூன்று வருஷமும் சிரமம்தான்.

டெல்லியில் எங்கே

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை என்றால் மிராண்டா ஹவுஸ், கிரோரி மல், இந்திரப்பிரஸ்தா, தயாள் சிங், ஷஹீத் பகத் சிங், கமலா நேரு என்று பல கல்லூரிகளில் பிஏ ஆனர்ஸ் ஜியாக்ரஃபி இருக்கிறது. மிராண்டா, இந்திரப்பிரஸ்தா, கமலா நேரு மூன்றும் பெண்களுக்கானவை. பாடத்திட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஏனென்றால் அதைப் போடுவது பல்கலைக்கழகத் துறை. வித்தியாசம் வருவது ஆய்வகத்தில், ஆசிரியர்களில், களப்பயணத்தை எவ்வளவு உண்மையாக நடத்துகிறார்கள் என்பதில். அதனால் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து வரிசை போடுவதைவிட, அங்கே இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து மூன்றே கேள்வி கேளுங்கள். ஜிஐஎஸ் லேபில் ஆளுக்கு ஒரு கணினி உண்டா? போன வருஷம் களப்பயணம் எங்கே போனீர்கள், அங்கே என்ன அளந்தீர்கள்? அறிக்கையைத் திருத்திக் கொடுத்தார்களா? "மணாலி போனோம், செம ஜாலி" என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் ஓரிரு படி கீழே தள்ளுங்கள்.

தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜனக்புரியிலிருந்து நார்த் கேம்பஸுக்குக் காலை வகுப்பு பிடிப்பது ஒன்று, ஆர்.கே. புரத்திலிருந்து கமலா நேருவுக்கோ பகத் சிங்குக்கோ போவது வேறு. பிராக்டிகல் வகுப்புகள் மதியத்துக்கு மேலும் இழுக்கும். சார்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ராஜீவ் சௌக்கில் மாலை ஆறு மணிக்கு மெட்ரோ மாறுகிறவர்களின் கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜாமியா மில்லியாவிலும் நல்ல பழைய துறை இருக்கிறது. அங்கே சில படிப்புகளுக்கு கியூட் (பல பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு), சிலவற்றுக்கு அவர்களே நடத்தும் நுழைவுத் தேர்வு. எந்தப் படிப்பு எந்தப் பட்டியலில் என்பதை அந்த வருஷத்து அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். தேதி தவறினால் அவ்வளவுதான். ஜேஎன்யூவில் இந்தப் பாடத்துக்கு இளங்கலை கிடையாது, எம்ஏ-வுக்குத்தான் போக முடியும். அங்கே வட்டார வளர்ச்சி ஆய்வு மையத்துக்குள் பொருளாதாரமும் மக்கள்தொகையும் ஜியாக்ரஃபியும் ஒன்றாக இருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத் துறையும் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள்தான். இதைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம், டெல்லியில் இந்தப் பாடம் சமூக அறிவியல் பக்கம் சாய்ந்தது. தமிழ்நாட்டில் இதே படிப்பு பிஎஸ்சி. பின்னால் தொலையுணர்வில் எம்டெக் மாதிரி ஏதாவது யோசிப்பவர்கள், அந்தப் படிப்பு பிஎஸ்சி கேட்கிறதா, பன்னிரண்டில் கணக்கு கேட்கிறதா என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது. சென்னையில் தாத்தா பாட்டி வீடு இருக்கிறவர்களுக்கு அங்கே போய்ப் படிப்பதும் மோசமான யோசனை இல்லை.

கியூட்டைப் பற்றிச் சுருக்கமாக. டெல்லிப் பல்கலைக்கழகச் சேர்க்கை 2022 முதல் அதன் வழியாகத்தான். மொழித்தாளுக்குத் தமிழ் உண்டு, தேர்வையே தமிழில் எழுதவும் வழி உண்டு. டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பன்னிரண்டு வரை தமிழ் படித்த பிள்ளைகள் இதை ஏனோ யோசிப்பதே இல்லை, எல்லோரும் இங்கிலீஷுக்கே ஓடுகிறார்கள். இரண்டு மாதிரித் தாள்களையும் போட்டுப் பார்த்து எதில் மதிப்பெண் கூட வருகிறதோ அதை எடுங்கள். மற்ற பாடங்களைப் பன்னிரண்டில் படித்தவற்றிலிருந்து எடுப்பதுதான் பாதுகாப்பு. விண்ணப்பிக்கும் முன்னால் அந்தந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடச் சேர்க்கையை ஏற்கிறது என்று அதன் அறிவிப்பில் வரிவரியாகப் படியுங்கள். கோச்சிங் சென்டர்காரர் சொன்னதை நம்பி ஒரு தாளை விட்டுவிட்டவர்களுக்குக் கடைசியில் அந்தப் படிப்பு பட்டியலிலேயே வராது.

சீட் ஒதுக்கீட்டின்போது ஃப்ரீஸ் (கிடைத்ததே போதும்), அப்கிரேட் (மேல் விருப்பம் கிடைத்தால் மாறிக்கொள்கிறேன்) என்று இரண்டு கேட்பார்கள். அப்கிரேட் கொடுத்து மேலே உள்ள விருப்பம் கிடைத்துவிட்டால் கையில் இருந்த சீட் போய்விடும், திரும்ப வராது. ஆகவே வரிசை போடும்போது "கல்லூரி பெரிசா, பாடம் பெரிசா" என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். பிரபலமான கல்லூரியில் ஏதோ ஒரு பிஏ-வை மேலேயும், ஜியாக்ரஃபியைக் கீழேயும் போட்டுவிட்டு அப்கிரேட் ஆனதும் அழுவதில் பிரயோஜனம் இல்லை.

வேலை

இங்கேதான் பெற்றோர் உட்கார்ந்து கேட்பார்கள். "டீச்சர், இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

டெல்லியில் இதற்கு முதல் பதில் யுபிஎஸ்சி. பிரிலிம்ஸ், மெயின்ஸ் பொதுத்தாள் இரண்டிலும் ஜியாக்ரஃபி இருக்கிறது, விருப்பப் பாடமாக எடுத்தால் 250 வீதம் இரண்டு தாள். உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் இந்தப் பட்டத்தை எடுக்காதீர்கள். விருப்பப் பாடமாக எடுக்க அதில் பட்டம் வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. ஓல்டு ராஜிந்தர் நகரிலும் கரோல் பாகிலும் அறை எடுத்து இட்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டு படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஜியாக்ரஃபி எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆசிரியர் வேலை என்றால் ஒரு நுணுக்கம். கேந்திரிய வித்யாலயாக்களில் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்த, வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இரண்டைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும், அதில் ஒன்று வரலாறோ புவியியலோ. அதாவது உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, கல்லூரியில் விருப்பத்தாள்களை வாய்க்கு வந்தபடி எடுக்காமல், அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பாடத்தையே வருஷா வருஷம் தொடருங்கள். ஆள்தேர்வு அறிவிப்பில் எத்தனை வருஷம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது போய் எதையும் மாற்ற முடியாது. மேல்வகுப்புக்கு எம்ஏ, பிஎட். கல்லூரி என்றால் யுஜிசி நெட் தேர்வு.

ஜிஐஎஸ் பக்கம்தான் தனியார் வேலைகள். நொய்டாவிலும் குருகிராமிலும் வரைபட நிறுவனங்கள் இருக்கின்றன. அரசு 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு இந்தத் துறைக்கு வழி விரிந்தது. ஆனால் என் அபிப்ராயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ரோடு, வீடு என்று கோடு போடும் டிஜிட்டைசிங் மட்டும் தெரிந்தால் சம்பளம் ஓர் இடத்திலேயே நின்றுவிடும். பைத்தான் நிரல்மொழியும் டேட்டாபேஸும் சேர்ந்து தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள். கல்லூரி இதை முழுசாகக் கற்றுத்தராது. டேராடூனில் இருக்கும் இஸ்ரோவின் ஐஐஆர்எஸ் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, முதல் வருஷத்திலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.

நகரத் திட்டமிடல் இன்னொரு வழி. ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் எம்பிளான் (திட்டமிடலில் முதுகலை) படிக்க ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜியாக்ரஃபியில் முதுகலை முடித்தவர்களும் அங்கே போகலாம். மானுடப் பக்கம் மனசு ஒட்டியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கைநிறையச் சம்பளம் முதல் வருஷத்திலேயே வேண்டும், வீட்டுச் சூழ்நிலை அப்படி என்றால், தயங்காமல் பிகாம் பக்கம் போங்கள். இந்தப் பாடத்தில் முதுகலை இல்லாமல் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். நான்கு வருஷப் பட்டம் வந்திருக்கிறது, மூன்றாம் வருஷ முடிவிலும் பட்டத்தோடு வெளியே வரலாம். முதுகலை நிச்சயம் என்றால் நான்காவது வருஷத்தையும் ஆய்வோடு முடிப்பது லாபம், பிறகு முதுகலை ஒரே வருஷத்தில் முடியும்.

களப்பயணம், பெண்பிள்ளைகள், ஹிந்தி

ஹிமாச்சல், உத்தராகண்ட், ராஜஸ்தான் என்று ஒரு வாரம் கூட்டிப்போவார்கள். செலவு பெரும்பாலும் மாணவர் தலையில். சேரும்போதே இதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். "பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பணுமா?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு: ஆமாம், அனுப்பணும். ஆசிரியர்கள் கூடவே போகிறார்கள், அந்த அறிக்கைக்கு மதிப்பெண் உண்டு, அதைவிட முக்கியம், பாடம் அங்கேதான் பிடிபடும்.

ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்ப ஹிந்தி வேண்டும். டெல்லியில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. ஹரியானாக்காரரோடு ஹிந்தியில் பேசி, குறிப்பை இங்கிலீஷில் எழுதி, இரவில் அம்மாவுக்குத் தமிழில் கதை சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து நேராக இங்கே வருகிறவர்கள் முதல் வருஷம் கொஞ்சம் திணறுவார்கள். நல்ல ஹிந்தி பேசும் ஒருவரைக் களக்குழுவில் சேர்த்துக்கொண்டு, வரைபட வேலையை நீங்கள் இழுத்துப் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம். ஹாஸ்டல் இடம் எல்லாக் கல்லூரியிலும் இல்லை, சீட் உறுதியானதும் அதே நாளில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

சீட் கிடைத்து வகுப்பு தொடங்கும் வரை நடுவில் கொஞ்ச நாள் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் கியூஜிஐஎஸ்ஸைக் கணினியில் இறக்கி, டெல்லி வார்டு எல்லையை ஒரு அடுக்காகவும் மெட்ரோ நிலையங்களை இன்னொரு அடுக்காகவும் போட்டுப் பழகுங்கள். இலவச மென்பொருள்தான், சாதாரண லேப்டாப்பில் ஓடும். அப்புறம் ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறும் முன்னால், விஷ்வவித்யாலயா மெட்ரோவில் இறங்கி ரிட்ஜுக்குள் கொடிமரக் கோபுரம் வரை நடந்து போய்விட்டு, அந்தப் பக்கம் சிவில் லைன்ஸ் வழியாக ஆற்றை நோக்கி இறங்குங்கள். கையில் 53எச்/2 பிரிண்ட் இருக்கட்டும். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம், ரிட்ஜில் குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் எதுவும் தெரியும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.